ஆடும் பற்களுக்கு நடுவே ஒரு பல்செட்

கழற்றி மாட்டுகிற பல்செட்டைப் பற்றி ஊரில் நெடுநாளாக ஒரு தீர்ப்பு உண்டு: அதை மாட்டினால் பக்கத்தில் இருக்கிற நல்ல பல்லும் ஆடி விழுந்துவிடும். நோயாளிகள் மட்டும் இதைச் சொல்வதில்லை. பல் மருத்துவர்கள் பலரும் இதை நம்புகிறார்கள். அதிலும் ஈறு நோய் உள்ளவர் என்றால் பேச்சே இல்லை. இந்த வாய்க்கு அது ஆகாது, இருப்பதையும் பிடுங்கிவிட்டு முழு செட்டாகக் கட்டிவிடலாம் என்று முடித்துவிடுவார்கள். பல் கட்டுகிற தொழிலில் இருந்துகொண்டு இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. பக்கத்துப் பல் விழுவது உண்மைதான். அதற்கு யார் பொறுப்பு என்பதில்தான் தப்பு நடக்கிறது. ஈறு நோயை ஆற்றாமல் அளவெடுத்து, ஈற்றின் மேலேயே உட்காரும்படி செய்து, மாட்டி அனுப்பிவிட்டு மறந்துவிட்ட பல்செட்தான் பல்லை விழ வைக்கிறது. அந்த மூன்று தவறும் இல்லாத பல்செட், ஈறு பலவீனமானவருக்கு ஏழைக்கேற்ற எள்ளுருண்டை அல்ல. பல நேரங்களில் அவருக்கு வேறு எதையும்விடப் பொருத்தமான சிகிச்சை அதுதான்.

முதலில் நோயைப் பார்ப்போம். பல் எலும்புக்குள் ஆணி அடித்ததுபோல் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலத்தில் நார்களால் ஆன ஒரு மெத்தை இருக்கிறது. பல் அதில் தொங்குகிறது. பல்லின் கழுத்தோரம் படியும் கிருமிப் படலத்தைத் துடைக்காமல் விட்டால் ஈறு வீங்குகிறது. வீக்கம் உள்ளே இறங்கினால் நாரும் எலும்பும் கரைகின்றன. படலம்தான் ஈறு வீக்கத்துக்குக் காரணம் என்பதை 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹெரால்ட் லோவும் உடன் பணியாற்றியவர்களும் மிக எளிமையாகக் காட்டினார்கள். ஆரோக்கியமான ஈறுள்ள பன்னிரண்டு பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் தணிந்தது. பிறகு இதே லோ இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தார். பிரஷ்ஷும் இல்லை, பல் மருத்துவமும் இல்லை. எல்லார் வாயிலும் படலமும் காரையும் ஏராளம். ஆனாலும் நோய் ஒரே மாதிரி நடக்கவில்லை. 8 சதவீதம் பேருக்கு அது பாய்ந்தது. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக நகர்ந்தது. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. முப்பத்தைந்து வயதில் முதல் கூட்டத்தார் பல்லின் வேரைப் பிடித்திருக்கும் பற்றுதலில் சராசரியாக 9 மில்லிமீட்டரை இழந்திருந்தார்கள். இரண்டாம் கூட்டத்தார் 4. மூன்றாமவர் ஒன்றுக்கும் குறைவு. பல் கட்டுகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, ஈறு நோய் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு எதிர்காலங்கள் இருக்கின்றன என்பது. "ஈறு நோயா, எல்லாவற்றையும் எடு" என்கிறவர் எட்டுப் பேரின் விதியை நூறு பேர் தலையிலும் எழுதுகிறார்.

இனி பல்செட்டின் மேலுள்ள குற்றச்சாட்டு. அது பொறியியல் சார்ந்தது, மேலோட்டமாகப் பார்த்தால் மறுக்க முடியாதது. எலும்பு பாதி கரைந்த பல், மண் அரித்துப்போன பந்தல்கால் மாதிரி. புதைந்த பகுதி குறைந்து வெளியே நிற்கும் பகுதி கூடிவிட்டதால் அதே காற்றுக்கு அதிகமாக ஆடும். அந்தக் காலில் ஒரு கொக்கியை மாட்டி, கொக்கியோடு ஒரு செட்டையும் மாட்டினால் என்ன ஆகும்? கடைவாய்ப்பற்கள் எல்லாம் போய், பின்னால் பிடிமானமே இல்லாத வாய்களில் இது இன்னும் கெடுதல். பல் இழந்த வாய்களை எட்வர்ட் கென்னடி 1925இல் வகுத்த பட்டியலில் இரண்டு பக்கமும் பின்முனை திறந்த வாய்க்கு முதல் இடம். அங்கே செட்டின் முன்பாதி பல்லிலும் பின்பாதி ஈற்றிலும் உட்காருகிறது. அழுத்தினால் பல் அசைவது நூலளவு. ஈறு அமுங்குவது அதைப் போலப் பல மடங்கு. ஆகவே மெல்லும்போதெல்லாம் செட்டின் பின்முனை இறங்குகிறது, முன்முனை எழும்புகிறது. கிணற்றடி ஏற்றம் போல. ஏற்றத்தின் அச்சு எங்கே இருக்கிறதோ அந்தப் பல்லுக்குத்தான் சோதனை.

இதெல்லாம் சரி. ஆனால் ஆட்டம் வேறு, நோய் வேறு. 1970களில் ஸ்வீடனில் லிண்டேயும் கூட்டாளிகளும் பீகிள் நாய்களின் பற்களை வேண்டுமென்றே முன்னும் பின்னும் அசைத்து ஆராய்ந்தார்கள். அமெரிக்காவில் போல்சன் அணில் குரங்குகளில் அதே போன்ற சோதனையைச் செய்தார். ஈறு சுத்தமாக இருந்த பற்களில் நார் மெத்தை அகன்றது, ஆட்டம் கூடியது. ஆனால் ஈற்றின் பற்றுதல் ஒரு மயிரிழையும் இழக்கப்படவில்லை. படலம் படிந்து நோயுற்ற பற்களை அசைத்தபோதுதான் முடிவுகள் பிரிந்தன. ஸ்வீடன் நாய்களில் அழிவு வேகம் பிடித்தது; அமெரிக்கக் குரங்குகளில் பற்றுதல் கூடுதலாகப் போகவில்லை. இந்தச் சண்டை இன்னும் முழுசாக ஓயவில்லை. ஆனால் நமக்குத் தேவையான பகுதியில் இரண்டு தரப்பும் ஒன்றாக நிற்கின்றன: சுத்தமான ஈற்றை விசை மட்டும் நோயாளியாக்காது. அப்படியானால் கொக்கி மாட்டிய பல் விழுந்தால், கொக்கியை மட்டும் பார்ப்பது போதாது. கொக்கிக்கு அடியில் என்ன படிந்திருந்தது என்று பார்க்க வேண்டும்.

மனிதர்களிடம் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு ஸ்காண்டிநேவிய ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். கார்ல்சனும் உடன் ஆய்வாளர்களும் 1965இல் வெளியிட்டதில், பல்செட் போட்டவர்களை நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது ஈறு வீக்கம், சொத்தை, பல் ஆட்டம் எல்லாம் கூடியிருந்தன. ஊர் சொல்கிற தீர்ப்புக்கு அறிவியல் முத்திரை குத்திய ஆய்வு அதுதான். பெரிமான், ஹூகோசன், ஓல்சன் மூவரும் 1982இல் வெளியிட்டது பத்தாண்டுக் கணக்கு. அவர்களுடைய நோயாளிகளுக்கு முதலில் வாயைச் சுத்தப்படுத்தி, துலக்கக் கற்றுக்கொடுத்து, அதன் பிறகு செட் போட்டு, ஆண்டுதோறும் அழைத்துப் பார்த்தார்கள். பத்தாண்டில் ஈற்றின் நிலை குறிப்பிடத்தக்க அளவுக்கு மோசமாகவில்லை. அதே நோயாளிகளை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து 1995இல் மறுபடி எழுதினார்கள். அப்போதும் கதை பெரிதாக மாறவில்லை. பல்செட் என்ற பொருள் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது முன்னால் செய்ததும் பின்னால் செய்ததும். இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு: பெரிமான் பார்த்தது முப்பது பேர் அளவிலான சிறிய கூட்டம், ஆண்டுதோறும் சொன்னபடி வந்து போகிறவர் எப்படியும் பல்லைப் பேணுகிறவராகத்தான் இருப்பார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாதமே என் பக்கம்தான் பேசுகிறது. பேணுகிற வாயில் பல்செட் கெடுதல் செய்யவில்லை என்றால், கெடுதல் செய்தது பல்செட் அல்ல.

ஆகவே வரிசை முக்கியம். காரையை எடுத்து வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்வது முதலில். பல் கட்டுவது பிறகு. சுத்தம் செய்தால் பல் ஆட ஆரம்பிக்கும் என்று இங்கே ஒரு பயம் இருக்கிறது. பிடுங்கினால் கண் போகும் என்பதற்குத் தங்கை இந்தப் பயம். ஆனால் அது பிறந்த இடம் உண்மையான இடம்: பல ஆண்டுக் காரை, ஆடுகிற பற்களைச் சிமென்ட் போலச் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்தவுடன் மறைந்திருந்த ஆட்டம் வெளியே தெரியும். வீக்கம் வற்ற வற்ற ஈறு சுருங்கி இடைவெளியும் தெரியும். ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்தால் நார்கள் இறுகி ஆட்டம் குறைவதையும் பார்க்கலாம். அந்தப் பொறுமைக்கு முன்னால் அளவெடுத்தால், வீங்கிய ஈற்றுக்கு அளவெடுத்த செட் ஆறிய ஈற்றில் உட்காரப்போகிறது. தையற்காரர் சட்டைக்கு மேலே அளவெடுத்தது மாதிரி. எந்தப் பல் தங்கும், எந்தப் பல் போகும் என்பதும் அந்த எட்டு வாரத்தில்தான் தெளிவாகும். அளவெடுக்கும்போதும் ஈறு நோய் வாய்க்குத் தனிக் கவனம் வேண்டும். பற்களுக்கிடையே அகன்ற சந்துகளில் அளவுப் பசை புகுந்து இறுகினால், வெளியே இழுக்கும்போது பல்லும் கூட வரப் பார்க்கும்; சந்துகளை மெழுகால் அடைத்துவிட்டு எடுப்பதே பாதுகாப்பு. ஆடுகிற பல் பசை அழுத்தத்தில் சாய்ந்திருந்தால், லேபில் செய்து வருகிற செட் சாய்ந்த பல்லுக்குத்தான் பொருந்தும். பிறகு அதை மாட்டும் ஒவ்வொரு முறையும் பல் அந்தச் சாய்வுக்குத் தள்ளப்படும். டெக்னீஷியன் மேல் போடப்படும் பழி பலதும் இங்கே பிறந்தவைதான்.

வடிவமைப்புக்கு வருவோம்; நம் ஊரில் அதிகம் கோட்டைவிடுவது இங்கே. மிகுதியாகப் போடப்படுவது அக்ரிலிக் செட்: இளஞ்சிவப்புத் தட்டு, இரண்டு வளைத்த கம்பி. அது பல்லின் மேல் எங்கும் அமர்வதில்லை. முழுக்க ஈற்றில் அமர்கிறது. அதனால் மெல்ல மெல்ல அமிழ்கிறது, அமிழும்போது தட்டின் விளிம்பு ஈற்றோரத்தைப் பல்லிலிருந்து உரித்துக்கொண்டே இறங்குகிறது. பிரிட்டனில் பல் மருத்துவர்கள் இதற்கு ஈறுரிப்பான் என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். இதற்கு மாற்று, பல்லின் மேல் சிறிய பள்ளம் வெட்டி அதில் உட்காரும் உலோக முட்டு. தொழிலில் ரெஸ்ட் என்போம். அது இருந்தால் செட் அமிழாது. மெல்லும் பாரமும் பல்லின் அச்சு வழியாக நேராக இறங்கும். நார் மெத்தை தாங்கவென்றே படைக்கப்பட்ட திசை அது. கோபால்ட்-குரோம் வார்ப்பு செட்டில் இதை நன்றாகச் செய்யலாம். கீழ்த்தாடையில் இணைப்புப் பட்டையை ஈற்றோரத்திலிருந்து குறைந்தது 3 மில்லிமீட்டரும், மேல்தாடையில் 6 மில்லிமீட்டரும் தள்ளி வைக்க முடியும். பட்டை ஈற்றை விட்டு விலகி நின்றால் எச்சிலும் நாக்கும் பிரஷ்ஷும் அங்கே புழங்கும். எத்தனை குறைவாக ஈற்றைத் தொடுகிறோமோ அத்தனை நல்லது என்பதைத் தவிர வேறு பெரிய சூத்திரம் இதில் இல்லை.

பின்முனை திறந்த வாயில் ரெஸ்ட் எங்கே வைக்கிறோம் என்பதும் விளையாட்டு அல்ல. கடைசிப் பல்லின் பின்னோரத்தில் வைத்தால், செட் பின்னால் இறங்கும்போது அந்த ரெஸ்ட் அச்சாகி, முன்னால் இருக்கும் கொக்கி முனை மேலே எழும்பிப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி இழுக்கும். அதே ரெஸ்டை முன்னோரத்துக்கு மாற்றிவிட்டால் அச்சு முன்னே போய்விடுகிறது. செட் இறங்கும்போது கொக்கி முனையும் அதோடு இறங்கிப் பல்லை விட்டு விலகுகிறது. 1963இல் கிராட்டோவில் சொல்லி, 1973இல் குரோல் திருத்தியமைத்த இந்த ஏற்பாடு பாடப்புத்தகத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் லேபுக்குப் போகிற சீட்டில் இது எழுதப்படுவதில்லை. எழுதாததை டெக்னீஷியன் ஊகித்துச் செய்கிறார். கொக்கிக்கும் அளவு உண்டு. வார்ப்புக் கொக்கி பல்லின் குழிவுக்குள் கால் மில்லிமீட்டர் போனால் போதும். பலவீனமான பல்லுக்கு வார்ப்பை விட வளைகிற கம்பி சாது. செட் உட்கார்ந்திருக்கும்போது கொக்கி பல்லை அழுத்தவே கூடாது. கழன்று வரப் பார்க்கும்போது மட்டும்தான் அது வேலை செய்ய வேண்டும். "இறுக்கமா இருக்கணும் டாக்டர்" என்று நோயாளி கேட்பார். அந்த ஒரு கோரிக்கையை மட்டும் ஈறு நோய் வாயில் நிறைவேற்றக் கூடாது.

வார்ப்பு செட் அக்ரிலிக்கைப் போலப் பல மடங்கு விலை, எல்லாராலும் முடியுமா என்று கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் அக்ரிலிக்கிலேயே ஈற்றை விட்டுவைக்க வழி உண்டு. நியூசிலாந்தின் எவரி என்ற பல் மருத்துவர் 1949இல் எழுதிய வடிவம் மேல்தாடைக்கு ஏற்றது: தட்டை ஈற்றோரத்திலிருந்து விலக்கி, செயற்கைப் பல் பக்கத்துப் பல்லை ஒரு புள்ளியில் மட்டும் தொடும்படி வைத்து, சந்துகளைத் திறந்துவிடுவது. கூடுதல் உலோகம் வேண்டாம், கூடுதல் யோசனை வேண்டும். இதற்கு மாறாக இப்போது விளம்பரத்தில் மின்னுகிற ஃப்ளெக்சிபிள் செட்டை நான் ஈறு நோய் வாய்க்குப் பரிந்துரைக்க மாட்டேன். நைலான் வகைப் பொருள். வளையும், உடையாது, கம்பி தெரியாது. எல்லாம் உண்மை. ஆனால் ரெஸ்ட் கிடையாது. கொக்கிக்குப் பதில் ஈற்றோரத்தையே மூடிக்கொண்டு பிடிக்கிறது. பின்னால் பல் சேர்ப்பதும், ஈறு வற்றியபின் உட்பூச்சு போடுவதும் கஷ்டம். கண்ணாடியில் பார்க்க நன்றாக இருப்பது ஒன்றுதான் அதன் பக்கம்.

கழற்றாத பல், அதாவது பிரிட்ஜ், நல்லதல்லவா? சில வாய்களில் ஆம். ஆன்டே 1926இல் ஒரு விதி சொன்னார்: தாங்கும் பற்களின் வேர்ப் பரப்பு, இல்லாத பற்களின் வேர்ப் பரப்புக்காவது சமமாக இருக்க வேண்டும். நைமானும் லிண்டேயும் ஸ்வீடனில் இந்த விதியை மீறிய நீண்ட பிரிட்ஜ்களை, எலும்பு பெரிதும் கரைந்த பற்களின் மேல் கட்டி, ஆண்டுக்கணக்கில் நிற்பதைக் காட்டினார்கள். அங்கேயும் ரகசியம் அதே: முதலில் ஈற்றை ஆற்றினார்கள், பிறகு விடாமல் பார்த்தார்கள். இம்ப்ளான்ட்டும் நல்ல வழிதான். ஆனால் ஈறு நோயால் பல் இழந்தவருக்கு இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் அதே மாதிரி எலும்பு கரையும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். எல்லாவற்றுக்கும் மேலே ஈறு நோய் வாய்க்கு ஒரு குணம் உண்டு: அங்கே கணக்கு முடிவதில்லை. இன்று தங்கிய பல் ஐந்து வருடம் கழித்துப் போகலாம். பிரிட்ஜில் ஒரு தூண் போனால் பாலத்தையே வெட்ட வேண்டும். பல்செட்டில் அந்த இடத்தில் ஒரு பல்லைச் சேர்த்துக்கொண்டால் போதும். முதலிலேயே சந்தேகப் பல்லுக்குப் பின்னால் தட்டு போகும்படியோ, உலோகச் சட்டத்தில் ஒரு வளையம் இருக்கும்படியோ திட்டமிட்டிருந்தால் லேபில் ஒரு நாள் வேலை. விழப்போகும் பல்லுக்கும் இடம் ஒதுக்கி வைக்கிற சிகிச்சை வேறு எது?

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழு செட் போடுவதுதான் சுலபம் என்கிறவர்களுக்கு எலும்பைக் காட்ட வேண்டும். பல் போனபின் தாடை மேடு ஆயுள் முழுக்கத் தேய்ந்துகொண்டே இருக்கும். டால்கிரன் 1972இல் வெளியிட்ட 25 ஆண்டு அளவீட்டில் கீழ்த்தாடை மேல்தாடையைவிட நான்கு மடங்கு தேய்ந்தது. கிரமும் ரூனியும் 1978இல் ஐந்தாண்டுக் கணக்கு ஒன்றைக் கொடுத்தார்கள்: கீழே இரண்டு கோரைப்பற்களின் வேர்களை வைத்துக்கொண்டு அதன்மேல் செட் போட்டவர்களுக்கு முன்பக்க எலும்பு 0.6 மில்லிமீட்டர் குறைந்தது. எல்லாவற்றையும் எடுத்தவர்களுக்கு 5.2. ஆடுகிற பல்லின் தலையை வெட்டி, வேருக்குச் சிகிச்சை செய்து, செட்டுக்கு அடியில் விட்டாலே எலும்பு இத்தனை மிஞ்சுகிறது. தலையை வெட்டியதும் நெம்புகோல் குறைந்து ஆட்டமும் அடங்கும். கீழ்த்தாடையில் முழு செட் நிற்காமல் மிதக்கிறது என்று பின்னால் வருந்துகிறவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த இரண்டு வேர் மிஞ்சியிருக்க முடியும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும், எனக்கு அதுவே கடினமான கேள்வி: போன பல்லுக்கெல்லாம் பல் கட்டத்தான் வேண்டுமா? வேண்டாம் என்பதே பல நேரம் சரியான பதில். நெதர்லாந்தின் கெய்சர் 1981இல் காட்டியபடி, பின்னால் சில கடைவாய்ப்பற்கள் இல்லாமலேயே மனிதர்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். மேலும் கீழும் சேர்த்து 20 பற்கள் எதிரெதிரே பொருந்தினால் பெரும்பாலும் போதும். கடைசிக் கடைவாய் இரண்டு போனதற்கெல்லாம் செட் போடுவது, ஈற்றுக்கு வேலை வைப்பதே தவிர வேறில்லை. ஆனால் இந்தக் கணக்கு ஈறு திடமாக உள்ளவர்களுக்கு. எலும்பு கரைந்த வாயில் கடைவாய்த் தாங்கல் போய்விட்டால், கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களின் உட்பக்கத்தை நாள்தோறும் முட்டி, அவற்றை விசிறி போல வெளியே தள்ளும். சந்து விழுந்து, பல் நீண்டு, உதடு மூடாமல் போவது அந்தக் கட்டத்தில்தான். 2018இல் வெளியான ஈறு நோய் வகைப்பாடு இதையெல்லாம் இருபதுக்கும் குறைவான பற்களையும் சேர்த்து நான்காம் கட்டம் என்கிறது. அந்த வாயில் பின்னால் பாரம் தாங்கும் ஒரு செட், அழகுக்கோ மெல்லுவதற்கோ மட்டும் அல்ல. முன்பற்களைக் காக்கிற மருந்து அது.

மருந்து என்றால் அளவும் பத்தியமும் உண்டு. செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். போடாதவர் அண்ணத்தில் சிவந்த பூஞ்சைத் தடம் விழலாம். சோப்பும் தனி பிரஷ்ஷும் போதும். பல்பொடி கீறும், வெந்நீர் வளைத்துவிடும். இதைவிட முக்கியமாக, இருக்கிற பற்களில் ஒரு பக்கம் எல்லாராலும் மறக்கப்படுகிறது: பல் இல்லாத சந்தைப் பார்த்து நிற்கும் சுவர். செட் ஒட்டுவது அங்கேதான், படலம் பழுப்பதும் அங்கேதான். ஒரு துண்டு காஸ் துணியைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால் அரை நிமிடத்தில் சுத்தமாகிவிடும். விரலால் பல்பொடி தேய்க்கிற பழக்கத்தில் அந்தச் சுவர் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொடப்படாது. சர்க்கரை கட்டுப்படாதவருக்கும் புகைப்பவருக்கும் இந்த அரை நிமிடம் இரட்டிப்பு மதிப்புள்ளது.

செட் போட்டபின் பரிசோதனைக்குத் தினக்கூலிக்காரரை மூன்று மாதத்துக்கொரு முறை வரச் சொன்னால் வருவாரா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வரமாட்டார் என்று நாமே முடிவுகட்டி, சொல்லாமலே விட்டுவிடுகிறோம். முழு விலையையும் செட் போடும் நாளில் வாங்கிக்கொண்டு, பின்னால் வருவதற்குத் தனிக் கட்டணம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள்தான். முதல் ஆண்டுப் பார்வைகளைச் செட்டின் விலையிலேயே சேர்த்துக் கணக்குப் போட்டால் வருவார்கள். இதைப் படிக்கிற நீங்கள் நாளை பல் கட்டப் போகிறீர்கள் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். ஈறு ஆறிவிட்டதா என்று அளந்து பார்த்தீர்களா? இந்த செட் என் பல்லின் மேல் எங்கே உட்காருகிறது? நான் திரும்ப வர வேண்டிய தேதி என்ன? மூன்றாவதற்குப் பதில் கிடைக்கவில்லையென்றால், அளவு கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.